கைக்கு மிஞ்சிய இசை

பியானோ கற்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத மாணவர், ஐந்தாறு ஆண்டுப் பயிற்சியைக் கேட்கும் படைப்பொன்றை எடுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போராடுவது எங்கும் காணப்படும் பழக்கம். பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’, அவருடைய ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதி, டெபுஸியின் ‘கிளேர் த லூன்’, ஷோப்பானின் இ ஃபிளாட் மேஜர் நாக்டர்ன் ஆகியவை இதில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயர்கள். துணிந்தவர்கள் ஷோப்பானின் ‘ஃபான்டசி இம்ப்ராம்ப்ட்யூ’, லிஸ்ட்டின் ‘லா கம்பனெல்லா’ வரை போவார்கள். ஆசிரியர்கள் கண்டிக்கிறார்கள், மாணவர்கள் கேட்பதில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாக் கடினமும் ஒரே வகையல்ல என்பதை இரு தரப்பும் கவனிப்பதில்லை. அதனால் வழக்கு தீராமல் நீள்கிறது.

பியானோவுக்கு முந்திய ஹார்ப்சிகார்ட், கிளாவிகார்ட் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. மாணவருக்கு வேண்டியதை ஆசிரியரே எழுதிக் கொடுத்தார். யோஹான் செபாஸ்டியன் பாக் 1720இல் தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்காக ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார்; பையனுக்கு அப்போது 9 வயது. இசைக்குறிகள், அலங்காரக் குறிகளின் விளக்கம், விரல் எண்கள் இட்ட ஒரு சிறு படைப்பு என்று தொடங்கி அந்த ஏடு படிப்படியாக ஏறுகிறது. லியோபோல்ட் மொஸார்ட்டும் 1759இல் மகள் நானெர்லுக்காக இப்படியோர் ஏட்டைத் தொகுத்தார். அதிலுள்ள ஒரு படைப்பை மகன் வொல்ஃப்காங் 1761 ஜனவரியில், ஐந்தாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டான் என்று தந்தை அந்த ஏட்டிலேயே குறித்து வைத்திருக்கிறார். பிள்ளையின் மேதைமைக்குச் சான்றாகவே இதை எல்லோரும் எடுத்துக்காட்டுவது வழக்கம். கற்பிப்பவரின் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: மொஸார்ட்டுக்கே முதலில் கொடுக்கப்பட்டவை அரைமணியில் முடித்துவிடக் கூடிய படைப்புகள்தாம்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. இசைத்தாள் அச்சாகி எளிதாகக் கிடைத்தது; நடுத்தர வீடுகளுக்குள் பியானோ வந்தது; மேடைக் கலைஞர்கள் வாசித்ததை வீட்டுக் கூடத்திலும் வாசிக்கும் ஆசை பிறந்தது. 1848இல் ராபர்ட் ஷூமன் தம் மூத்த மகள் மேரியின் பிறந்தநாளுக்காக எழுதத் தொடங்கிய சிறு படைப்புகள் வளர்ந்து, ‘இளையோருக்கான ஆல்பம்’ என்று 43 படைப்புகள் கொண்ட தொகுப்பாயின. இளம் இசைஞர்களுக்கென்று அவர் எழுதிய அறிவுரைகளும் பின்னர் அந்தத் தொகுப்போடு சேர்ந்து வெளிவந்தன. கடினமானதை அரைகுறையாக வாசிப்பதைவிட எளியதை அழகாக வாசிப்பது மேல் என்ற கருத்து அவற்றுள் ஒன்று. அதைச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருந்தது என்றால், பழக்கம் அப்போதே வேர்விட்டிருந்தது என்று கொள்ளலாம்.

ஒலிப்பதிவு இந்த இடைவெளியை மேலும் அகலமாக்கிவிட்டது. இன்றைய மாணவர் பியானோவின் முன் உட்காருவதற்கு முன்பே உலகின் தலைசிறந்த வாசிப்புகளைக் கைப்பேசியில் பலமுறை கேட்டிருக்கிறார். எது நல்ல வாசிப்பு என்று அவருடைய காதுக்குத் தெரியும்; கைக்கு சி விசை எங்கே இருக்கிறது என்பதே புதுச்செய்தி. கடினப் படைப்பை நாடுவதை வெறும் பேராசை என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு படைப்பு கடினமாவதற்குப் பல காரணங்கள் உண்டு. தாளைப் படிப்பதே கடினமாக இருக்கலாம்: ஷார்ப், ஃபிளாட் குறிகள் மலிந்திருக்கும், சுரங்கள் ஐந்து கோடுகளையும் தாண்டி மேலும் கீழும் போகும். இரு கைகளையும் சேர்ப்பது கடினமாக இருக்கலாம். வேகம், விரல் விரிவு, ஒரே கையில் ஒரு குரலை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது, பெடல், நீளம் என்று இன்னும் சொல்லலாம். இவற்றில் படிக்கும் சிரமம் பொறுமைக்குப் பணியும். ஐந்து ஃபிளாட் உள்ள ‘கிளேர் த லூன்’ தாளையும் ஒருவர் சுரம் சுரமாக எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். விரல் விரிவு பொறுமைக்குப் பணியாது. பியானோவில் ஓர் ஆக்டேவின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர், பத்து வயதுக் கை அதை எட்டவில்லை என்றால் மன உறுதி எதையும் நீட்டித் தராது. வேகமும் குரல் பிரிப்பும் இவற்றுக்கு நடுவே நிற்பவை. வரும், ஆனால் ஆண்டுக்கணக்கில் வரும்.

ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம் தன் இசைத்தாள்களுக்கு 1 முதல் 9 வரை கடின எண் இடுகிறது. கிரேடுத் தேர்வுகள் 1 முதல் 8 வரை தரம் பிரிக்கின்றன. கடையில் தாள் வாங்கும்போது இவை உதவும். ஆனால் ஒரு எண்ணுக்குள் பல வகைச் சிரமங்கள் கரைந்துபோகின்றன. எந்தப் பாரில் எந்தச் சிரமம் என்பதை அது சொல்லாது.

‘ஃபூர் எலீஸ்’ இதற்கு நல்ல சான்று. பீத்தோவன் 1810 அளவில் எழுதிய இந்தச் சிறு படைப்பு, அவர் மறைந்து 40 ஆண்டுகளுக்குப் பின் 1867இல்தான் அச்சேறியது. ஏ மைனரில் அமைந்ததால் தாளின் தொடக்கத்தில் ஷார்ப், ஃபிளாட் எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த முதல் பகுதியில் இரு கைகளும் பெரும்பாலும் ஒன்றாக வாசிப்பதில்லை. இடக்கை மூன்று சுரம் ஏறி நிற்க, அங்கிருந்து வலக்கை எடுத்துக்கொள்ளும். கைகளைச் சேர்க்கும் சிரமம் அதனால் வெளியே தெரிவதில்லை. கற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆன ஒருவரும் இந்தப் பகுதியைக் கேட்கும்படி வாசித்துவிட முடிகிறது. இ, டி ஷார்ப் இரண்டும் மாறி மாறி வந்து மெட்டுக்குள் மீண்டும் நுழையும் இடத்தில் எத்தனை முறை வாசித்தோம் என்ற எண்ணிக்கை தவறிப்போவது மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் நேரும்.

படைப்பு அங்கே முடிந்துவிடவில்லை. எஃப் மேஜரில் வரும் இரண்டாம் பகுதியில் இடக்கை உடைத்த கார்டுகளை இடைவிடாமல் வாசித்துக்கொண்டிருக்க, வலக்கை மெட்டைப் பாட வேண்டும். சில பார்களில் வலக்கைச் சுரங்கள் முன்பிருந்ததைப்போல் இரு மடங்கு வேகத்தில் விரையும். மூன்றாம் பகுதியில் இடக்கை ஒரே ஏ விசையை விடாமல் தட்ட, மேலே கனத்த கார்டுகள் வரும். அதன்பின் மூன்று மூன்று சுரமாக ஏறும் ஆர்பெஜியோ. அதன் உச்சியிலிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாகச் சரியும் ஓட்டம். முதல் பகுதி ஓராண்டு மாணவரின் கைக்கு அடங்கும். மற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ ஐந்தாம் கிரேடு அளவில் பழகிய கை வேண்டும். முதல் பகுதியை மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகில் இவ்வளவு பேர் இருப்பது இதனால்தான்.

அதை ஒரு குறையாகச் சொல்வதற்கில்லை. ரோண்டோ வடிவத்தில் முதல் பகுதி தன்னளவில் முழுமையானது. அதை அழகாக வாசித்து நிறுத்துகிறவர் எதையும் சிதைக்கவில்லை. சிதைவு வேறிடத்தில் நேர்கிறது. முதல் பகுதியைப் பதிவில் கேட்ட வேகத்திலேயே வாசிக்கப் பழகிய மாணவர், இரண்டாம் பகுதி வந்ததும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுகிறார். ஒரே படைப்புக்குள் இரண்டு வேகங்கள் குடியேறிவிட்டால், பின்னர் அவற்றை வெளியேற்றுவது அந்தப் படைப்பைப் புதிதாகக் கற்பதைவிடப் பெரிய வேலை.

‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதி வேறு விதமாக ஏமாற்றும். 1801இல் எழுதப்பட்டு அடுத்த ஆண்டு வெளிவந்த இதில் வேகம் இல்லை. மெதுவாக நகரும் மூன்று சுரக் கொத்துகள் மட்டுமே கண்ணில் படும். நான்கு ஷார்ப் குறிகளைச் சமாளித்துவிட்டால் போதும் என்று மாணவர் நினைப்பார். உண்மையான சிரமம் வலக்கைக்குள் இருக்கிறது. கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் அந்தக் கொத்துகளை மெல்லென வாசிக்கும்போது, இருப்பதிலேயே வலுக்குறைந்த சுண்டுவிரல் மெட்டைத் தனியே ஒலிக்கச் செய்ய வேண்டும். மெட்டில் வரும் குறுஞ்சுரம், கொத்தின் மூன்றாம் சுரத்தோடு சேராமல் அதற்குச் சற்றுப் பிந்தி விழ வேண்டும். சில இடங்களில் கை ஆக்டேவையும் தாண்டி விரிய வேண்டும். போதாக்குறைக்கு, பகுதி முழுவதையும் ஒலி அடக்கிகள் கம்பிகளை விட்டு எழும்பிய நிலையில் வாசிக்கச் சொல்கிறது பீத்தோவனின் குறிப்பு. அவர் காலத்துப் பியானோவில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். இன்றைய கருவியில் அக்குறிப்பை அப்படியே பின்பற்றினால் எல்லாம் கலங்கிப்போகும், ஆகவே பெடலை இடையிடையே மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்க மாணவர் இதன் சுரங்களைச் சில மாதங்களில் பிடித்துவிடுவார். எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில், மெட்டு எது துணை எது என்று தெரியாமல் ஒலிக்கும். தவறான சுரம் எதுவும் விழாததால் குறை இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். இந்தப் பகுதியின் பெரிய ஆபத்து அதுதான்.

‘ஃபான்டசி இம்ப்ராம்ப்ட்யூ’வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலக்கை நான்கு வாசிக்கும் நேரத்தில் இடக்கை மூன்று வாசிக்கிறது, அதுவும் கடும் வேகத்தில். தொடக்க மாணவர் இதை எந்த வழியிலும் நெருங்க முடியாது. சி ஷார்ப் மைனரின் ஓட்டங்களைத் தனியே வாசித்துப் பார்த்து மகிழலாம், அதோடு சரி.

இனி, இந்தப் பழக்கத்தின் நன்மைகள். முதலாவது ஆசை. பியானோ கற்பதை இடையில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் கடினத்தால் விடுவதில்லை, சலிப்பால் விடுகிறார்கள். ஐந்து விரலுக்குள் அடங்கும் பயிற்சி மெட்டுகளை மாதக்கணக்கில் வாசிக்கும் சிறுவனுக்கோ நாற்பது வயதுக்காரருக்கோ, தாம் எதற்காகக் கருவியை வாங்கினோம் என்பது மறந்துபோகும். நேசிக்கும் ஒரு படைப்பின் எட்டுப் பார்கள் அதை நினைவூட்டும். காதில் ஏற்கெனவே பதிந்த இசை என்பதால் தவறு விழுந்ததும் மாணவரே உணர்ந்துவிடுவார். முன்பின் கேட்டறியாத பயிற்சிப் பாடத்தில் இந்த வசதி இல்லை.

இரண்டாவது நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடினப் படைப்பு, மாணவரிடம் எது இல்லை என்பதைத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது. ஸ்கேல் ஏன் வாசிக்க வேண்டும் என்று ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, ‘ஃபூர் எலீஸ்’ இரண்டாம் பகுதியில் கட்டைவிரல் எங்கே நுழைய வேண்டும் என்று தெரியாமல் தடுமாறும்போது ஒரே நாளில் ஏறிவிடும். பயிற்சிக்கான காரணத்தை மாணவரே தேடி வருவார்.

வயது வந்தோர் விஷயத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர், ஷோப்பானின் முதல் பல்லாடை ஓராண்டுக்குள் கற்பது என்று 2010இல் முடிவு செய்தார். வேலை நெருக்கடிக்கு நடுவே நாளுக்குச் சுமார் 20 நிமிடம்தான் ஒதுக்க முடிந்தது. விக்கிலீக்ஸ் செய்திகள் உலகை உலுக்கிய காலம் அது. ஓராண்டு போதவில்லை, ஏறத்தாழ 16 மாதங்கள் ஆயின. ஆனால் நண்பர்கள் முன் வாசித்து முடித்தார்; அந்த அனுபவத்தை 2013இல் நூலாகவும் எழுதினார். தொழில்முறைக் கலைஞர்கள் அஞ்சும் படைப்பு அது. இந்தக் கதையைத் தொடக்க மாணவர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வதுண்டு. அவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது: ரஸ்பிரிட்ஜர் தொடக்க மாணவர் அல்லர். சிறுவயதில் முறையாகக் கற்றவர். தாளைப் படிக்கத் தெரிந்தவர். ஆசிரியரிடம் பாடம் கேட்டவர். புகழ்பெற்ற பியானோ கலைஞர்களிடம் ஆலோசனை பெறும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது. இடைநிலையில் நிற்கும் ஒருவர் மேல்நிலைப் படைப்பை எட்டிப் பிடிக்க முடியும் என்பதற்கு இது சான்று. முதல்நிலையில் நிற்பவரைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை.

தீமைகளில் முதன்மையானது, வாசிப்பவரின் கண்ணில் நேர்வது. ஒரே படைப்போடு ஆறு மாதம் இருப்பவர் உண்மையில் இசைத்தாளை முதல் சில வாரங்கள்தான் படிக்கிறார். அதன்பின் கை மனப்பாடமாகப் போகிறது. தாள் அலங்காரமாக முன்னால் நிற்கிறது. படிக்கும் திறனோ அளவால் வளர்வது, பல படைப்புகளைப் படித்தால்தான் கூடும். உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1974இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்தவர்களின் கண் கைக்கு ஏழு சுரம் வரை முன்னால் செல்வதும், தேராதவர்களின் கண் மூன்று நான்கு சுரத்துக்குள் நின்றுவிடுவதும் தெரியவந்தன. தேர்ந்தவர் நான்கு சுரங்களை ஒரே கார்டாகக் காண்கிறார். புதியவர் நான்கு தனிப் புள்ளிகளாகக் காண்கிறார். அந்த ஆறு மாதத்தில் ஐம்பது சிறு படைப்புகளைப் படித்திருந்தால் இந்தப் பார்வை பிடிபடத் தொடங்கியிருக்கும். கடினப் படைப்பு அந்த நேரம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. அது முடிந்ததும் அடுத்த படைப்பைத் தொடங்கும்போது மாணவர் பழைய இடத்திலேயே நிற்கிறார். மீண்டும் எண்ணிப் படிக்க வேண்டும். இரண்டு மூன்று பெரிய படைப்புகளை வாசித்துக் காட்டும் ஒருவருக்கு எளிய சினிமாப் பாட்டின் தாளைக் கொடுத்தால் திணறுவது இதனால்தான்.

கை மனப்பாடத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது ஓர் அசைவு அடுத்த அசைவை இழுத்துக்கொண்டு வரும் சங்கிலி. நடுவில் கதவு தட்டப்பட்டாலோ ஒரு விரல் வழுக்கினாலோ மாணவர் முதல் பாருக்கே திரும்ப வேண்டியிருக்கும். எந்தப் பாரிலிருந்தும் தொடங்கத் தெரியாதவர் அந்தப் படைப்பைக் கற்றுவிட்டார் என்று சொல்ல முடியாது.

அடுத்தது உடல். விரல்களை வளைக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. மோதிர விரலின் தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் அது தனித்து எழுவது இயல்பிலேயே கடினம். பழகாத கையை வேகத்துக்கு விரட்டினால் மணிக்கட்டும் தோளும் இறுகும். அந்த இறுக்கமும் சுரங்களோடு சேர்த்தே கற்கப்படும். பின்னாளில் கை வலுத்த பிறகும், அந்தக் குறிப்பிட்ட பார் வந்ததும் தோள் தானாக உயர்வதை ஆசிரியர்கள் காண்கிறார்கள். இளவயதில் தம் வலக்கையைக் கெடுத்துக்கொண்டு பியானோ மேடையைத் துறந்த ஷூமனின் கதை இங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. விரலை வலுப்படுத்த அவர் ஒரு கருவியைப் பயன்படுத்தியது உண்டு; ஆனால் கை கெட்டதன் காரணம் குறித்து ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே அதை எச்சரிக்கைக் கதையாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

கர்நாடக இசையில் இந்தப் பிரச்சினை ஏறக்குறைய எழுவதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்ற ஏணி எல்லா ஆசிரியருக்கும் பொது. அலங்காரத்தில் இருக்கும் மாணவி, பைரவியில் ‘விரிபோணி’ வர்ணத்தைச் சொல்லித் தரும்படி கேட்பதில்லை. கேட்டாலும் குரு சிரித்துவிட்டு மறுநாள் பாடத்துக்குப் போய்விடுவார். பியானோவில் இப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒற்றை ஏணி கிடையாது. செர்னியின் பயிற்சிகள், புர்க்முல்லரின் 25 எளிய எத்தூதுகள், பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய 153 படைப்புகள் கொண்ட ‘மைக்ரோகாஸ்மஸ்’ என்று ஏணிகள் பல. இடையில் எங்கிருந்தும் எங்கும் தாவலாம். அந்தச் சுதந்திரத்தின் விலைதான் இந்தக் குழப்பம். பொது ஏணிக்கும் ஒரு விலை இருக்கிறது. சரளியிலேயே சலித்து வகுப்பை விட்டவர்கள் தமிழ் வீடுகளில் குறைவில்லை.

கடினப் படைப்பைச் சமாளிக்கக் கையாளப்படும் வழிகளும் எடைபோடத் தக்கவை. மெதுவாக வாசி என்பது எல்லா ஆசிரியரும் சொல்வது. அது சரியே, ஆனால் ஒரு நிபந்தனையோடு. மெதுவாக வாசிக்கும்போது எந்த விரலைப் போட்டாலும் பாட்டு வந்துவிடும். வேகம் கூடும்போதுதான் அந்த விரலமைப்பு முட்டிக்கொள்ளும். இறுதி வேகத்துக்கு உரிய விரல் எண்களை முதல் நாளே தாளில் எழுதிக்கொண்டு மெதுவாக வாசிப்பதே பயன் தரும். கைகளைத் தனித்தனியே பழகுவதும் இப்படித்தான். படிக்கும் சுமையை அது பாதியாக்குகிறது. ஆனால் கைகளைச் சேர்ப்பது தனித்திறன் என்பதால், தனித்தனிப் பயிற்சி அதைக் கற்றுத்தருவதில்லை. ஒவ்வொரு கையையும் முழுமையாக முடித்தபின் சேர்க்கலாம் என்று மாதங்களைக் கடத்துபவர், சேர்க்கும் நாளில் மீண்டும் தொடக்கத்தில் நிற்பார். ஒரு பார், இரண்டு பார் என்று துண்டு போட்டு அன்றன்றே சேர்த்துவிடுவது நல்லது.

திரும்பத் திரும்ப வாசிப்பதன் மேல் உள்ள நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் உடன் ஆய்வாளர்களும் 17 பியானோ மாணவர்களுக்கு ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து சிறு பகுதியைக் கொடுத்துப் பழகச் செய்து, மறுநாள் வாசிக்க வைத்தார்கள். முடிவுகள் 2009இல் வெளியாயின. எவ்வளவு நேரம் பழகினார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பவை மறுநாள் தரத்தோடு பொருந்தவில்லை. தவறு விழுந்த இடத்தை உடனே கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, அது நிலைக்கும் வரை திருத்தியவர்களே முன்னிலையில் நின்றார்கள். அவர்கள் எல்லோரும் தேர்ந்த மாணவர்கள். தொடக்க மாணவர் கைக்கு மிஞ்சிய படைப்பை வாசிக்கும்போது பெரும்பாலான முறை தவறாகவே வாசிக்கிறார். அப்படி நூறு முறை வாசிப்பது தவறை நூறு முறை பழகுவதாகும்.

எளிமைப்படுத்திய தாள்கள் இன்னொரு வழி. இவற்றை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. எல்லாமே ஏளனத்துக்குரியவை அல்ல. மூலத்தின் அடிச்சுரங்களையும் கார்டுகளின் போக்கையும் காத்து, நடுக்குரல்களை மட்டும் குறைத்த தாள் நல்ல பாடம். மெட்டை முழுதாக வைத்துக்கொண்டு இடக்கையை இரண்டு சுரத்தில் நிறுத்திய தாள் காதை ஏமாற்றுமே தவிர எதையும் கற்பிக்காது. விசைகள் மேலிருந்து விழும் பட்டைகளாகத் தோன்றும் வீடியோக்களை அதற்கும் கீழே வைக்க வேண்டும். எந்த விசையை எப்போது அழுத்துவது என்பதற்கு மேல் விரல், அழுத்தம், சொற்றொடர், ஓய்வு என எதையும் அவை காட்டுவதில்லை. படிக்கும் பழக்கத்தையும் முளையிலேயே கிள்ளிவிடுகின்றன.

இவற்றைவிடச் சிறந்தது, அதே சிக்கலைச் சிறிய அளவில் வைத்திருக்கும் வேறு படைப்பைத் தேடுவது. ஷோப்பானின் நாக்டர்னில் இடக்கை அடிச்சுரத்திலிருந்து கார்டுக்குத் தாவுவது கடினமென்றால், அவருடைய ஏ மைனர் வால்ட்ஸ் ஒன்றில் அதே தாவல் எளிய உருவில் இருக்கிறது. சாட்டியின் முதல் ‘ஜிம்னோபெடி’யில் (1888) அது இன்னும் நிதானமாக வருகிறது. ‘ஃபூர் எலீஸ்’ ஓட்டங்களுக்குப் புர்க்முல்லரின் ‘அராபெஸ்க்’ தயார் செய்யும். பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725ஆம் ஆண்டு ஏட்டில் உள்ள ஜி மேஜர் மினுவெட் இரு கைகளும் சமமாக உரையாடப் பழக்கும். அது நெடுங்காலம் பாக்கின் பெயரில் வழங்கி, கிறிஸ்டியன் பெட்ஸோல்டுடையது என்று பின்னர் தெரியவந்த படைப்பு. மாணவர் இவற்றை மாற்றுப்பொருளாக நினைக்காமல் இருக்க, எந்தப் பாருக்காக இது தரப்படுகிறது என்று ஆசிரியர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர்களின் பங்கும் விமரிசனத்துக்குரியதே. லண்டனில் 1889இல் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் தேர்வுகளும் டிரினிட்டி தேர்வுகளும் இந்தியாவிலும் இலங்கையிலும் நெடுநாளாக நடந்துவருகின்றன. சென்னை, கொழும்பு மாணவர்கள் பலருக்குப் பியானோ என்பதே கிரேடுதான். ஒழுங்கான ஏணி அது. ஆனால் ஆண்டுக்கொரு கிரேடு என்ற அவசரத்தில், சில வகுப்புகளில் மாணவர் வருடம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று படைப்புகளை மட்டும் வாசிக்கிறார். இரண்டு கிரேடுகளைத் தாண்டிக் குதித்தால் அந்த மூன்றுமே கைக்கு மிஞ்சியவையாகிவிடும். ‘ஃபூர் எலீஸ்’ கேட்ட பிள்ளையை அதட்டும் ஆசிரியர், தாமே இந்தப் பழக்கத்தைத் தேர்வின் பெயரால் நடத்துகிறார். கருவியும் ஒரு காரணம். இங்கே பலர் 61 விசைக் கீபோர்டில் தொடங்குகிறார்கள். அதன் மெல்லிய ஸ்பிரிங் விசையில் வந்த வேகம் கனமான பியானோ விசையில் வராது. ‘மூன்லைட்’ கேட்கும் குரல் பிரிப்பை அதில் பழகவும் முடியாது.

பீத்தோவன் தம் தம்பி காஸ்பரின் மகன் கார்லுக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று செர்னிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. விரலமைப்பும் தாளமும் சுரங்களும் ஓரளவு சரியாக வந்துவிட்டால், சிறு தவறுகளுக்காக நடுவில் நிறுத்தாமல் இசையின் பாவத்தைக் கவனிக்க வைத்து, பிழைகளைப் படைப்பு முடிந்தபின் சுட்டிக்காட்டும்படி அதில் கேட்கிறார். கைக்கு அடங்கிய படைப்பில்தான் இந்த முறை செல்லும். ஒவ்வொரு பாரிலும் நிற்பவரிடம் பாவத்தைப் பற்றிப் பேச ஆசிரியருக்கு இடமே கிடைக்காது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், கடினப் படைப்பைத் தொடக்க மாணவரிடமிருந்து பறிப்பது தேவையற்றது. முழுப் பாடமாக அதை வைப்பது கேடு. நாள்தோறும் ஒரு மணி நேரம் பழகுபவர் அதில் கால் பங்கை ஆசைப் படைப்புக்கு ஒதுக்கலாம். மீதி நேரம் ஒரு வாரத்திலோ இரு வாரத்திலோ முடிக்கத் தக்க படைப்புகளுக்கும், புதிய தாளைப் படிப்பதற்கும் உரியது. ஆசைப் படைப்பில் முழுமை தேவையில்லை. தன்னளவில் நிறைவான ஒரு பகுதியைத் தேர்ந்து அதை மட்டும் எடுப்பது போதும். நான்கு பார்களைப் பாதி வேகத்தில், இரு கைகளையும் சேர்த்து, நிற்காமல் மூன்று வாரத்துக்குள் வாசிக்க முடியாவிட்டால் அந்தப் படைப்பை எடுத்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறப்பது நல்லது. அப்படித் திறக்கும்போது, முன்பு எழுதிய விரல் எண்களைச் சரிபார்த்துவிட்டு மெதுவான வேகத்தில் தொடங்க வேண்டும்; பழைய இறுக்கம் அந்தப் பார்களில் இன்னும் காத்திருக்கும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி தோன்றினால் மூன்று வாரம்கூடப் பொறுக்க வேண்டியதில்லை. அன்றே நிறுத்த வேண்டும்; ஓய்வுக்குப் பின்னும் வலி நீடித்தால் பார்க்க வேண்டியது மருத்துவரை.